மின்சார வண்டி ஆரணிக்கு உதவுமா?

மின்சார வண்டியைப் பற்றித் தேசமெங்கும் இப்பொழுது வாதப் பிரதிவாதங்கள் நடந்து வருகின்றன. பெட்ரோலின் ஆட்சி முடிந்துவிட்டது என்று ஒரு கட்சியார் முரசு கொட்டுகிறார்கள். இது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான், நமது வெயிலுக்கும் நமது சாலைக்கும் நமது வருமானத்துக்கும் ஒத்து வராது என்று மற்றொரு கட்சியார் கையை விரிக்கிறார்கள். இரு கட்சியாரும் பெரும்பாலும் டில்லியையும் சென்னையையும் பெங்களூரையும் மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள் என்பது கவனிக்கத் தக்கது. தலைநகரத்துச் செல்வரின் மோட்டார் கார் எதனால் ஓடுகிறது என்பது தேசத்தின் முதற்கவலை ஆகாது. உழைத்துப் பிழைக்கும் ஜனங்கள் நிறைந்த ஒரு சிறு நகரத்துக்கு இந்த வண்டி பயன்படுமா, படாதா? பயன்படுமாயின் யாருக்குப் பயன்படும்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. இதை ஆரணியை முன்னிட்டு ஆராய்வது பொருத்தமென்று கருதுகிறோம்.

திருவண்ணாமலை ஜில்லாவில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணியின் பட்டுக்கு நமது நேயர்களிடம் அறிமுகம் வேண்டுவதில்லை. காஞ்சீபுரத்துப் பட்டைப் போலவே ஆரணிப் பட்டும் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அந்தப் பட்டு முழுவதும் நகரத்துக்குள்ளேயே நெய்யப்படுவதன்று. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றூர்களில் தறியின் ஓசை கேளாத தெரு அபூர்வம். கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் வந்து இறங்குகின்றன. நூல் முறுக்குக்குப் போகிறது, சாயத்துக்குப் போகிறது, பாவும் ஊடையுமாகி நெசவாளர் வீட்டுக்குப் போகிறது, சேலையாகி முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ திரும்புகிறது. ஒரு சேலை கடைக்கு வருமுன் அதன் நூல் எத்தனை வண்டியில் ஏறி இறங்குகிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பட்டுக்கு அடுத்தபடியாக ஆரணிக்குப் பெயர் வாங்கித் தந்த அரிசி ஆலைகளுக்கும் இதே நிலைமைதான். ரயிலேற வேண்டுமானால் ஆரணியார் களம்பூரில் உள்ள ஆரணி ரோடு ஸ்டேஷனுக்குச் செல்ல வேண்டும். ஆகவே சாலையே ஊரின் ஜீவநாடி; சாலையில் ஓடுவன மொபெட்டும் ஸ்கூட்டரும் ஆட்டோவும் சிறு சரக்கு வண்டியும். பெட்ரோல் விலை ஏறும்போது சேலையின் விலை அன்றே ஏறுவதில்லை. போட்டி மிகுந்த தொழிலில் அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பாவும் சேலையும் சுமந்து நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் சுற்றுகிற ஒருவர் மாதத்தில் 25 நாள் வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 25 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்கிட்டால் 2,500 ரூபாய். மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு மின்னேற்ற நஷ்டத்தையும் சேர்த்து மூன்றரை யூனிட் வரை உண்ணும். அப்படியானால் மாதம் 44 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் 300 ரூபாய்க்குள் அடங்குகிறது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு மின்கட்டண விகிதம் உயர்கிறது என்பது மெய். அந்த உயர்ந்த விகிதத்தைப் போட்டுப் பார்த்தாலும் மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் கையில் நிற்கும். ஆண்டுக்கு இது 24,000 ரூபாய். நெசவுக் கூலியில் குடும்பம் நடத்துகிறவனுக்கு இது அற்பத் தொகையா?

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. வண்டியின் விலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பாட்டரியின் விலை. அதன் ஆயுள் முடிந்தால் பல்லாயிரம் ரூபாய் ஒரே தவணையில் எடுத்து வைக்க வேண்டும். வட ஆர்க்காட்டு வெயில் பாட்டரிக்கு நண்பனன்று. ஆகையால் சேமிக்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பிற்காலச் செலவுக்கு ஒதுக்கிவைக்காதவன் மூன்றாம் வருஷமோ ஐந்தாம் வருஷமோ வருந்த நேரிடும். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கே இந்த வண்டியில் லாபம். வாரம் ஒரு முறை சந்தைக்குப் போய் வருகிறவன் பழைய வண்டியை விற்றுவிட்டு ஓட வேண்டிய அவசரம் ஒன்றுமில்லை. விளம்பரக்காரர்கள் இந்தப் பேதத்தைச் சொல்வதில்லை, நாம் சொல்கிறோம்.

இது அனுபவத்தில் தேறாத புதுமை என்று ஆட்சேபிப்பவர்கள் நமது சொந்தச் சரித்திரத்தையே மறந்தவர்கள். இந்தியாவில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் சென்னை, ஆண்டு 1895. லண்டன் மாநகரத்தார் இன்னும் குதிரை டிராமில் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1931 ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937 இல் கோயம்புத்தூரில் டி. பாலசுந்தரம் நாயுடு இந்தியாவிலேயே மின் மோட்டாரைச் செய்து காட்டினார். இன்று இந்திய ரயில்வேயின் அகலப் பாதையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் மின்சாரமே வண்டியை இழுக்கிறது. ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை இழுக்கும் சக்தி இரண்டு மூட்டை அரிசியை இழுக்காதென்று சொல்வது நகைப்புக்கு இடமாகும். அமெரிக்காவில் 1900 ஆம் ஆண்டை ஒட்டி நீராவி, மின்சாரம், பெட்ரோல் ஆகிய மூன்றும் சாலையில் சமமாகப் போட்டியிட்டன. கிணறு தோண்டத் தோண்டப் பொங்கிய எண்ணெயும், ஃபோர்டு கம்பெனியின் மலிவான காரும், 1912 இல் வந்த மின்சார ஸ்டார்ட்டரும் சேர்ந்து பெட்ரோலுக்கு வெற்றி தந்தன. அன்று தோற்றது மோட்டார் அன்று. மின்சாரத்தைச் சுமந்து செல்ல நல்ல பாத்திரம் இல்லாமையே தோல்விக்குக் காரணம். லித்தியம் பாட்டரி 1991 இல் விற்பனைக்கு வந்த பின்பு அக்குறை படிப்படியாக நீங்கி வருகிறது. அதன் விலை 2010 இல் இருந்ததில் பத்திலொரு பங்கை ஒட்டி இறங்கிவிட்டது. இந்தியாவில் 2024 இல் விற்பனையான மூன்று சக்கர வண்டிகளில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்தால் ஓடுபவை. வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

சென்னை டிராமைப் பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1953 ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. மின்சாரம் அதைக் கைவிடவில்லை. கம்பெனி நஷ்டமடைந்தது, காப்பாற்றுவார் இல்லை. நல்ல சாதனம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதை நடத்தும் ஏற்பாடும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே அதனால் நாம் அறியும் பாடம்.

வண்டி பெட்ரோல் உண்ணாவிட்டாலும் மின்சார நிலையம் நிலக்கரி உண்கிறதே, இதில் என்ன மேன்மை என்பது அடுத்த ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. நமது தேசத்து மின்சாரத்தில் நாலில் மூன்று பங்கை ஒட்டி நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் பெட்ரோல் யந்திரம் தான் உண்ணும் சக்தியில் நாலிலொரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மின் மோட்டாரோ பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தருகிறது. அன்றியும் இந்தியா வேண்டும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அந்நிய தேசங்களிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் சக்தி மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றுக்கும் கமுதியின் வெயிலுக்கும் எந்த அரபு நாட்டுக்கும் நாம் பணம் அனுப்ப வேண்டியதில்லை. காற்று மிகுந்த மாதங்களில் அந்த மின்சாரத்தை முழுவதும் வாங்கிக்கொள்ள இயலாமல் காற்றாலைகளை நிறுத்திவைக்கச் சொன்னதும் உண்டு. அப்படி வீணாகும் சக்தியை வண்டிகளின் பாட்டரியில் சேமிக்க வழி தேடுவது புத்திசாலித்தனம். அதே சமயத்தில் 2012 ஆம் ஆண்டை ஜனங்கள் மறக்கவில்லை. சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் நின்ற காலம் அது. அடுப்பு, விளக்கு, தறி, வண்டி யாவும் ஒரே கம்பியை நம்பி நிற்குமானால் அந்தக் கம்பி அறாமல் காப்பது மின்வாரியத்தின் தலையாய கடமையாகிறது.

மூன்றாவது ஆட்சேபம் உயிரைப் பற்றியது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஆரணிக்கு அண்டையில் உள்ள வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகை சூழ்ந்து, ஒரு தந்தையும் மகளும் மாண்டார்கள். அந்தச் செய்தி வட ஆர்க்காட்டு வீடுகளில் உண்டாக்கிய அச்சம் இன்னும் தீரவில்லை. அது நியாயமான அச்சமே. அதன் பின்னர் பாட்டரிகளுக்கான பரிசோதனை விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கடுமையாக்கப்பட்டன. விதி வந்தது நல்லதே. ஆனால் இரண்டு உயிர் போன பிறகுதான் விதி வர வேண்டுமா? ஆரணியின் நெசவு வீடு எப்படிப்பட்டதென்று டில்லியில் விதி எழுதுகிறவர்கள் அறிய வேண்டும். முன் கூடத்தில் தறி. பக்கத்தில் பட்டு நூல். அங்கேயே குழந்தைகள் உறங்குகிறார்கள். வண்டி நிறுத்தத் தனி இடம் கிடையாது. வண்டிக்கும் தறிக்கும் ஒரே சுவரில் கம்பி. அத்தகைய வீட்டில் மட்டமான பாட்டரியைக் கொண்டுவந்து வைப்பது கொலைக்கு ஒப்பானது. வேகமும் தூரமும் குறைந்தாலும் பாதகமில்லை. வெப்பத்தைத் தாங்கும் இரும்பு-பாஸ்பேட் வகைப் பாட்டரியே நமது சீமைக்கு ஏற்றது. வீட்டுக்குள் இரவு முழுதும் மின்னேற்றம் செய்வதை விடப் பகலில், வெளியே, பொது இடத்தில் செய்வது மேல்.

இனிச் சுதேசிப் பிரச்னைக்கு வருவோம். எண்ணெய்க்காக அரபு நாடுகளை நம்பியிருந்தவர்கள் இனிப் பாட்டரிக்காகச் சீனாவை நம்பியிருக்கப் போகிறோமா? உலகத்தில் செய்யப்படும் லித்தியம் செல்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சீனாவில் செய்யப்படுகின்றன. 2025 ஏப்ரலில் அந்தத் தேசம் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய வண்டிக் கம்பெனிகள் திகைத்து நின்றதைப் பார்த்தோம். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் ராணிப்பேட்டையிலும் மின்சார ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன என்று பெருமை கொள்கிறோம். பெருமைக்கு உரியதே. ஆனால் உள்ளே இருக்கும் செல் யாருடையது என்ற கேள்வியை மறைத்துக்கொண்டு கொள்ளும் பெருமை அரைப் பெருமைதான்.

1906 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். காலியா, லாவோ என்ற அவருடைய கப்பல்கள் அந்நிய தேசத்தில் கட்டப்பட்டவை. ஆனால் பங்குப் பணம் நமது ஜனங்களுடையது. நடத்தியவர்கள் நமது ஜனங்கள். லாப நஷ்டம் நம்முடையது. அந்நிய யந்திரத்தைத் தொடாமல் இருப்பது சுதேசியம் ஆகாது. யந்திரத்துக்கு அடிமையாகாமல் அதன் எஜமானனாக இருப்பதே சுதேசியம். அதே தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வியட்நாம் கம்பெனியொன்றின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேலை கிடைக்கிறது, வரவேற்போம். ஆனால் நாம் கூலிக்கு வேலை செய்யக் கற்றுக்கொள்கிறோமா, தொழிலையே கற்றுக்கொள்கிறோமா என்பதை ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கற்பதற்கு நம்மிடம் இடம் இல்லாமலில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். 1948 இல் நேரு அடிக்கல் நாட்டினார். பாட்டரி என்ற சொல்லைத் தேசம் பெரிதாக எண்ணாத காலத்தில் ஒரு தமிழ் வணிகருக்கு இருந்த தொலைநோக்கில் பாதியாவது இன்றைய முதலாளிகளுக்கு இருந்தால் செல் விஷயத்தில் நாம் இவ்வளவு பின்தங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆரணியார் மின்சாரத்தைப் புதிதாகக் காண்கிறவர்கள் அல்லர். அதன் நன்மையும் தீமையும் அவர்களுக்குத் தெரியும். நூல் சுற்றும் ராட்டையில் சிறு மோட்டார் வந்தது. நெசவாளியின் மனைவிக்குக் கை வலி குறைந்தது. விசைத்தறியும் அதே மின்சாரத்தால்தான் வந்தது. அது கைத்தறிக்காரன் சோற்றில் கை வைத்தது. கரை வைத்த பட்டுச் சேலை முதலியவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985 இல் சட்டம் செய்தார்கள். முதலில் 22 ஆக இருந்த அந்தப் பட்டியல் பின்னர் 11 ஆகச் சுருங்கிற்று. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்கும் மோசடியைப் பற்றி நெசவாளர்கள் முறையிடுவதும் ஓயவில்லை. மின்சாரம் இரண்டிலும் ஒன்றே. கருவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வேற்றுமை.

மின்சார வண்டி விஷயத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. இன்று ஆரணித் தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்றுபோனால் மூலைக்கு மூலை மெக்கானிக் இருக்கிறார். அரை மணி நேரத்தில், நூறு இருநூறு ரூபாயில் வண்டி ஓடும். மின்சார வண்டிக்கு யந்திர உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. ஆனால் பழுது வந்தால் அதைத் திறந்து பார்க்கும் உரிமை தெரு மெக்கானிக்குக்குக் கிடையாது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கட்டளைகள் கம்பெனியின் பூட்டுக்குள் இருக்கின்றன. வண்டியை வேலூருக்கோ காஞ்சீபுரத்துக்கோ ஏற்றிச் சென்று, உதிரிச் சாமான் வரும்வரை காத்திருக்க நேர்ந்தால், அத்தனை நாளும் பாவு ஏற்ற வண்டி இல்லை, தறி நிற்கும். மெக்கானிக் குடும்பமும் நிற்கும். ஒரு தொழிலாளியின் செலவைக் குறைக்க மற்றொரு தொழிலாளியின் பிழைப்பைப் பறிப்பது முன்னேற்றம் ஆகாது. தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியின் கூட்டுறவோடு திருத்தி அமைக்கப்பட்டிருக்கின்றன. மின்சார வண்டித் தொழிலும் அங்கே பாடமாகச் சேர்ந்திருக்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல், இருபது வருஷம் ஸ்பானர் பிடித்த கைகளுக்கும் மாலை நேரத்தில் அங்கே இடம் தர வேண்டும்.

இதையெல்லாம் விட மனத்தை உறுத்தும் அநீதி ஒன்று உண்டு. சர்க்கார் உதவி யாருக்குப் போகிறது? 2023 இல் மத்திய சர்க்கார் அறிவித்த 10,000 மின்சார பஸ் திட்டம் மூன்று லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு. 2024 இல் 10,900 கோடி ரூபாயில் அறிவித்த திட்டத்தில் 14,028 பஸ்கள் நாற்பது லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு. தமிழ்நாட்டின் 2023 ஆம் ஆண்டுக் கொள்கையோ சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி என்னும் ஆறு நகரங்களை முன்மாதிரியாகப் பெயர் குறித்தது. 2025 ஜூன் முப்பதாம் தேதி சென்னை வியாசர்பாடியிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன; மகிழ்ச்சி. ஆனால் 2011 ஜனக்கணக்கில் அறுபதாயிரத்துச் சொச்சம் ஜனங்கள் கொண்ட ஆரணி இந்தப் பட்டியல்களில் எதிலும் சேராது. எந்தக் காலத்திலும் சேராது. ஆரணியின் ஜனங்கள் வரி கொடுக்கவில்லையா? பெட்ரோல் வரியைப் பெரிய நகரத்தாருக்கு ஒரு விகிதம், சிறிய நகரத்தாருக்கு ஒரு விகிதம் என்றா வாங்குகிறார்கள்? இத்தனைக்கும் ஆரணி போன்ற ஊரில்தான் மின்சார பஸ் சுலபமாக நடக்கும். டவுன் பஸ்ஸின் தடம் குறுகியது, தூரம் தெரிந்தது, இரவில் டிப்போவுக்குத் திரும்புகிறது, நடுப்பகலில் கூட்டம் குறைந்திருக்கும்போது சூரிய ஒளி மின்சாரத்தில் மின்னேற்றம் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றையும் மின்சாரம் இன்றே செய்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வெளியூர்களுக்கு அரிசி ஏற்றிச் செல்லும் நெடுந்தூர லாரிக்கு இன்னும் டீசலே துணை. நெடுஞ்சாலையில் கனத்த வண்டிக்கு மின்னேற்றும் வசதி பெருக நாளாகும். முடிந்ததை முதலில் செய்வோம் என்பதே நமது கட்சி. ஸ்கூட்டர், ஆட்டோ, சிறு சரக்கு வண்டி, டவுன் பஸ் ஆகிய நான்கும் இன்றே முடியக் கூடியவை.

ஆகையால் நாம் கோருவது இது. முதலாவதாக, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கூட்டுறவு பாங்குகளின் மூலம் குறைந்த வட்டியில் சரக்கு வண்டி வாங்க வழி செய்ய வேண்டும். வண்டி சங்கத்தின் சொத்தாக இருந்தால் பாட்டரி மாற்றும் செலவையும் சங்கமே ஒதுக்கிவைக்கலாம். இரண்டாவதாக, ஆரணி நகராட்சி பஸ் நிலையத்திலும் சந்தையிலும் பொது மின்னேற்ற நிலையங்கள் அமைக்க வேண்டும். மூன்றாவதாக, பஸ் திட்டங்களில் ஜனத்தொகை வரம்பை நீக்கிச் சிறு நகரங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். நான்காவதாக, வண்டி விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் உதிரிச் சாமான்களையும் பழுதுபார்க்கும் முறைகளையும் பயிற்சி பெற்ற எந்த மெக்கானிக்குக்கும் தர வேண்டுமென்று சட்டம் வேண்டும். ஐந்தாவதாக, 2022 இல் செய்த பாட்டரிக் கழிவு விதிகளின்படி தேய்ந்த பாட்டரிகளைக் கம்பெனிகள் திரும்பப் பெறுகின்றனவா என்று அதிகாரிகள் கண்காணிக்க வேண்டும். அவை கமண்டல நாகநதிக் கரையில் குப்பையாக வந்து விழக் கூடாது.

இவற்றில் ஒன்றும் தானாக நடவாது. தேர்தல் சமயத்தில் நெசவாளர் தெருவுக்கு வந்து கைகூப்புகிறவர்களிடம் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்து பதில் கேட்பது உள்ளூர் ஊழியர்களின் வேலை. நகராட்சிக் கூட்டத்திலும் சங்கத்தின் மகாசபையிலும் இதற்குத் தீர்மானங்கள் வர வேண்டும். விசைத்தறி வந்தபோது கைத்தறிக்காரன் சட்டம் கேட்பதற்குள் காலம் கடந்துவிட்டது. மின்சார வண்டி இப்பொழுதுதான் ஊர் எல்லைக்கு வந்திருக்கிறது. அது யாருக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதை ஆரணி ஜனங்கள் இப்பொழுதே தீர்மானித்துக்கொள்வது நலம்.